எதையும் இரண்டு முறை

பிப்ரவரி 4, ஞாயிறு

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று உன் அப்பன் பிச்சை வாங்கினான். பதறாதே, முழுசாகப் படி.

என்னைப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கிசுகிசுக்கக்கூடக் கூடாதாம். அதனால் உன் அம்மா குழந்தைகள் எழுதும் சிலேட்டு ஒன்றை வாங்கி, கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதோடு பஸ் நிலையத்துக்குப் போய், என் அறிவிப்பு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு பெண்மணி என் முகத்தைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, மடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு நடந்தார். "ஐயோ, அது இல்லம்மா" என்று சொல்ல வாய் இல்லை. எழுதிக் காட்டுவதற்குள் அவர் பஸ் போய்விடும். வேறு வழி தெரியாமல் கும்பிட்டேன். அவரும் திருப்திப்பட்டுப் போனார். அறைக்குள்ளிருந்து கிளார்க் இதையெல்லாம் பார்த்துச் சிரித்த சிரிப்பு, மைக் திறந்திருந்ததால், நிலையம் முழுக்கக் கேட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். குரல் கரகரக்கிறதே என்று நீ கேட்டபோது சளி என்று சொன்னேன். சளி இல்லை. குரல் நாணில் ஒரு சின்ன முடிச்சு. போன வாரம் அதைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு தெரிகிற வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "பயப்பட ஒண்ணுமில்ல" என்று மறுபடியும் சொன்னார். நானும் தொழிலில் எதையும் இரண்டு முறை சொல்கிறவன்தானே, எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. உன் அம்மாவுக்குத்தான் பட்டது.

போனில் பேச முடியாது. செய்தி தட்டலாம் என்றால் என் கட்டைவிரல் ஒரே சமயத்தில் மூன்று எழுத்தை மிதிக்கிறது. அரைமணி நேரம் மெனக்கெட்டுத் தட்டினால், நீ ஒரு மஞ்சள் கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்துக்குக் கட்டைவிரலால் பதில் போட முடியாது பார்.

என் இடத்தில் இப்போது பதிவு செய்த ஒரு பெண் குரல் ஓடுகிறது. தும்மல் கிடையாது, தண்ணீர் குடிக்க நிறுத்துவது கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

உன் படிப்பு எப்படிப் போகிறது? "பொண்ணு டிவிக்குப் படிக்குது" என்று உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எப்போது டிவியில் வருவாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரமாட்டாய், பின்னால் இருப்பாய் என்று சிலேட்டில் எழுதிக் காட்டிக் காட்டி சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

அப்பா


பிப்ரவரி 9

அப்பா,

சளியா? சளி என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னீர்களே! கத்தி வைத்த பிறகு மகளுக்குக் கடிதம். நன்றாக இருக்கிறது நியாயம். அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டினேன். "அவர்தான்டி சொல்லவேணாம்னாரு, இப்ப அவரால மறுக்கவும் முடியாது" என்றாள். இரண்டு பேரையும் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

இப்போது வர முடியாது. அதைத்தான் எழுத வேண்டும்.

நாங்கள் படிக்கிற ஸ்டூடியோவில் நாலு கேமரா. மாடியில் கண்ட்ரோல் ரூம், எப்போதும் குளிர், சுவர் முழுக்க மானிட்டர். ஒவ்வொரு கேமரா பார்ப்பதும் ஒரு சின்னத் திரையில் தெரியும். நடுவில் இரண்டு பெரிய திரை. ஒன்றில் அடுத்துப் போகப்போகிற படம், மற்றதில் இந்த நொடி எல்லோரும் பார்க்கிற படம். டைரக்டர் நடு நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டில், "ரெடி டூ" என்பார். இரண்டாம் கேமராக்காரன் அசையாமல் பிடிப்பான். "டேக் டூ" என்றதும் பக்கத்தில் இருக்கிற பெண் ஒரு பட்டனைத் தட்டுவாள், படம் மாறும். (அவளுக்குப் பெயரே பட்டன் ஆகிவிட்டது.) டைரக்டர் சொல்லாமல் யாரும் எதையும் செய்யக்கூடாது.

நாற்காலியில் எல்லோரும் முறை வைத்து உட்கார வேண்டும். இந்த மாதக் கடைசியில் என் முறை. அரைமணி நேர நேர்காணல், பல்கலைக்கழகச் சேனலில் நேரலையாகப் போகும். பதிவு இல்லை, வெட்டி ஒட்ட முடியாது. சொதப்பினால் நான் மட்டுமில்லை, என் குழு மொத்தமும் இந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

முந்தாநாள் முதல் ஒத்திகை. உட்கார்ந்தேன். ஹெட்செட் மாட்டினேன். நாலு படமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை, அப்பா. எங்கள் ஆசிரியை பேசுவதே குறைவு, பேசினால் குத்தும். ஊசி மேடம் என்போம். பின்னால் நின்றுகொண்டு, "நீ சும்மா இருந்தா கீழ நாலு பேரும் அநாதை" என்றார். அவ்வளவுதான். எழுந்து கழிவறைக்கு ஓடிவிட்டேன்.

நீங்கள் எத்தனையோ ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிறவர். முதல் நாள் எப்படி வாயைத் திறந்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். முடிவு என்றைக்குத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். மறைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு


பிப்ரவரி 13

வாலுவுக்கு,

முதல் நாள் நான் வாயைத் திறந்த பெருமையைக் கேட்டாய். மைக் ஏற்கெனவே திறந்திருந்தது எனக்குத் தெரியாது. "கடவுளே, இத எங்க அமுக்கறது?" என்றேன். நிலையம் மொத்தமும் கேட்டது. பிளாட்பாரத்திலிருந்து ஒருவர், "பச்சை பட்டன், பச்சை பட்டன்!" என்று கத்தினார். அப்படித்தான் உன் அப்பன் பணியில் சேர்ந்தான்.

அன்றைக்கு எங்கள் மேலாளர் ஒன்றுதான் சொன்னார். "எதையும் ரெண்டு தடவை சொல்லுப்பா. மொத தடவை திரும்பிப் பாப்பாங்க. ரெண்டாவது தடவைதான் காதுல விழும்." அன்றிலிருந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, இரண்டாவது இருக்கிறதே என்று ஒரு தைரியம். நீயும் அப்படியே செய். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல். பயம் முதலாவதோடு போய்விடும்.

இங்கே நான் சௌக்கியம். உன் அம்மா, "கல்யாணம் ஆனதுலருந்து இப்பதான் நான் ஆரம்பிச்ச பேச்ச நானே முடிக்கிறேன்" என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், நான் எழுதிக் காட்டுவதால், அவர்களும் எனக்கு எழுதிக் காட்டுகிறார்கள். காது போகவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை புண் ஆறுகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். உன் அம்மா மருந்துக் கடை வரிசையில் நின்றாள். நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து சிலேட்டை உயர்த்தினேன். அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டார். நான் சிலேட்டை ஆட்டினேன். "ஆள் இல்லையா? சரி, அடுத்து" என்று என் பெயரை அடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள், நான் இருந்தேன், இல்லை என்று முடிவாகிவிட்டது. இது ஒரு வேடிக்கை என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது அப்படி இல்லை. போகட்டும். பிறகு சிலேட்டால் நாற்காலியைத் தட்டி ரகளை பண்ணி உள்ளே போய்விட்டேன்.

முடிவு என்றைக்கு என்று இன்னும் சொல்லவில்லை. சத்தியமாக மறைக்கவில்லை.

இரண்டு தடவை. மறக்காதே. இரண்டு தடவை.

அப்பா


பிப்ரவரி 17

அப்பா,

உங்கள் பேச்சைக் கேட்டேன். நன்றாக அனுபவித்தேன்.

இரண்டாவது ஒத்திகை. உட்கார்ந்ததும் உங்களை நினைத்துக்கொண்டேன். "ரெடி டூ, ரெடி டூ" என்றேன். குரல் வந்துவிட்டது! சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து, "டேக் டூ, டேக் டூ" என்றேன்.

அந்தப் பட்டன் எப்படி வேலை செய்யும் தெரியுமா? ஒரு தடவை தட்டினால் உள்ளே இருக்கிற படம் வெளியே போகும், வெளியே இருந்த படம் உள்ளே வரும். இன்னொரு தடவை தட்டினால் பழைய படமே திரும்பி வெளியே வந்துவிடும். நான் இரண்டு தடவை சொன்னேன். அவள் இரண்டு தடவை தட்டினாள். சொன்னதைச் செய்வதுதானே அவள் வேலை? விருந்தாளி ஒரு நொடி மின்னி மறைந்தார். தொகுப்பாளன் திரும்ப வந்தான். தன் படம் போய்விட்டது என்று நம்பி, அவன் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தான்.

நான் பதறிப்போய், "இல்ல, டூ! டேக் டூ, டேக் டூ!" என்று கத்தினேன். மறுபடியும் மின்னல், மறுபடியும் காது. மூன்று முறை. கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். ஊசி மேடம் சிரிக்கவில்லை. "யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். எங்கப்பா என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

இப்போது என் பெயர் "ரெண்டு தடவை". சாப்பாட்டு வரிசையில் இரண்டு தட்டு எடுத்து நீட்டுகிறார்கள்.

சிரிக்காதீர்கள், அப்பா. முன்பு குரல் வரவில்லை என்ற பயம் மட்டும்தான். இப்போது வந்தால் என்ன சொல்லித் தொலைப்பேனோ என்று பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் நாலு திரையும் வருகின்றன. நாற்காலி வேண்டாம், கேமரா மட்டும் பிடிக்கிறேன் என்று மேடத்திடம் சொல்லப்போகிறேன். உங்களை நம்பி வாயைத் திறந்தது என் தப்பு.

வாலு


பிப்ரவரி 20

வாலுவுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மா சத்தம் போட்டுப் படித்தாள். காது குடைகிற இடத்தில் அவளால் மேலே படிக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். சத்தமில்லாமல் சிரிப்பது தும்மலை அடக்குவது மாதிரி, விலா வலிக்கிறது. கடைசி வரிக்கு வந்தபோது இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

நீ சொன்னது சரிதான். பஸ் நிலையத்தில் இரண்டு தடவை சொன்னால் ஜனங்கள் சரியான பஸ்ஸில் ஏறுவார்கள். உன் இடத்தில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கென்ன தெரியும்? பத்தாவது படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு யோசனை சொல்லப் புறப்பட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு மைக், ஒரு பச்சை பட்டன். கேட்காமலேயே இன்னொரு யோசனை சொல்ல வாய் துறுதுறுக்கிறது. அடக்கிக்கொள்கிறேன். நாற்காலியை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம்.

முடிவு சொல்லும் நாள் தெரிந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி காலை. உன் நேரலையும் அன்றைக்குத்தான் என்று உன் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் பார்க்கிறோம்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேற்று குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒரே ஒரு சொல் சொல்லிப் பார்க்கலாம், உள்ளே குரல் என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். டாக்டர் சொன்னார் என்பதற்காக மூடவில்லை. திறந்து, ஒன்றும் வராமல் போனால்? அதற்காக மூடினேன். வாளி நிரம்பி வழிந்து, உன் அம்மா கதவைத் தட்டி, "உள்ள என்ன பண்றீங்க, குளமா வெட்றீங்க?" என்றாள்.

அதனால் நீ கழிவறைக்கு ஓடினாய் என்று வெட்கப்படாதே. குடும்பமே அங்கேதான் ஓடுகிறது.

அப்பா


பிப்ரவரி 23

அப்பா,

போன கடிதத்தில் அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. தபால் பெட்டியில் போட்டதுமே கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். மன்னித்துவிடுங்கள்.

மேடத்திடம் போனேன். நாற்காலி வேண்டாம் என்றேன். "சரி. உன் எடத்துல உக்கார ஆள் கூட்டிட்டு வா" என்றார். யார் வருவார்கள்? எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கிறார்கள். உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விருந்தாளி ஒரு தீயணைப்பு வீரர். அவர் எரிகிற வீட்டுக்குள் போய்விட்டு வந்தவர். நான் ஒரு நாற்காலிக்கு நடுங்குகிறேன்.

இன்றைய ஒத்திகையில் ஒன்றைக் கவனித்தேன். கேமராக்காரர்களுக்கு நான் பேசுவது கேட்கும், ஆனால் அவர்கள் பேசக்கூடாது. பேசினால் நிகழ்ச்சியின் மைக்கில் விழுந்துவிடும். அதனால் நான் ஏதாவது கேட்டால் கேமராவையே தலையாட்ட வைப்பார்கள். மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம். பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. மூன்றாம் கேமராவில் இருக்கிறவன் நெட்டையன், ஒட்டகம் என்போம். "ஒட்டகம், கேக்குதா?" என்றேன். திரையில் அந்த மேசை, பூச்சாடி எல்லாம் மெதுவாகத் தலையாட்டின. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அன்றைக்கு நிகழ்ச்சியைப் பார்க்காதீர்கள். பிறகு, முடிவு என்னவானாலும் நேரலை முடியும் வரை சொல்லாதீர்கள். நல்லதாக இருந்தாலும் கூடாது. நல்லதுக்கு மட்டும் சொல்வீர்கள் என்றால், போன் அடிக்காத ஒவ்வொரு நிமிடமும் கெட்டது என்று ஆகிவிடும். எதுவுமே வேண்டாம்.

பயமாக இருக்கிறது, அப்பா. எது அதிகம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

வாலு


பிப்ரவரி 27, மாலை

அப்பா,

முடிந்துவிட்டது.

பாதி நேரம் ஒழுங்காகப் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை சொன்னேன். தொகுப்பாளன், "புகை சூழ்ந்தா என்ன பண்ணணும் சார்?" என்று கேட்டான். உட்கார்ந்து பதில் சொல்வார் என்றுதான் திட்டம். அந்த மனிதர், "செஞ்சே காட்டறேன் தம்பி" என்று நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் படுத்துத் தவழ ஆரம்பித்துவிட்டார். ஒத்திகையில் இது கிடையாது. இரண்டாம் கேமராவில் வெறும் நாற்காலி. வெளியே போய்க்கொண்டிருந்தது தொகுப்பாளனின் முகம். குரல் மட்டும் எங்கோ கீழிருந்து வருகிறது.

எனக்குக் குரல் நின்றுவிட்டது. முதல் ஒத்திகை மாதிரியே. பட்டன் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். மேடம் பின்னால் நிற்கிறார். உதவக்கூடாது, தேர்வு. திரையில் தொகுப்பாளனின் புன்னகை காய்ந்துகொண்டே போகிறது. நான் ஓடிவிடுவேன் என்றே நினைத்தேன். ஹெட்செட்டைக் கழற்றக் கை போய்விட்டது.

அப்போது மூன்றாவது சின்னத் திரையில் ஏதோ அசைந்தது. ஒட்டகம் தன் கேமராவைத் தரைக்கு இறக்கித் தவழ்கிற மனிதரைப் பிடித்துவிட்டிருந்தான். நான் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அந்தப் படம் மேலும் கீழும் தலையாட்டியது. இருக்கிறேன் என்கிற மாதிரி. நான் இருக்கிறேன், நீ சொல்லு.

"டேக் த்ரீ." ஒரே ஒரு தடவை. பட்டன் தட்டினாள்.

தேறிவிட்டோம். "அந்த முகத்துல ரொம்ப நேரம் தங்கிட்ட" என்றார் மேடம். பிறகு, "அப்புறம் கெளம்பிட்ட" என்றார். அவரிடமிருந்து இது மாலை மரியாதை.

வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். "அவரே எழுதறேங்கிறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? இப்போது சொல்லலாம். நேரலை முடிந்துவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள், அப்பா. இது அந்த நாற்காலியை விட மோசமாக இருக்கிறது.

வாலு


பிப்ரவரி 28

வாலுவுக்கு,

முதலில், கெட்டது இல்லை. அதை முதல் வரியிலேயே போடு, மற்றதை அப்புறம் அளக்கலாம் என்று உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று மிரட்டுகிறாள். போன் எடுக்காததற்கு அவளைத் திட்டாதே. பேசினால் அழுதுவிடுவாள், அழுதால் நீ தப்பாக நினைப்பாய் என்று வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தை உன் ஊர் பஸ் கண்டக்டரிடம் கையோடு கொடுத்தனுப்புகிறோம்.

நீ பார்க்காதே என்றாய். பார்த்தோம். வராந்தாவில் எங்கள் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து பார்த்தார்கள், உன் அம்மா அதற்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். தொடக்கத்தில் உன் பெயர் திரையில் வரும் வரை ஒருவரையும் நகர விடவில்லை. உன் குரலைக் கேட்கலாம் என்று போனைக் காதில் வைத்து வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லோர் குரலும் கேட்டது. உன் குரல் மட்டும் வெளியே வராது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவை படம் மாறியபோதும், இதோ இப்போது சொன்னாள், இதோ இப்போது சொன்னாள் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பையன் முகம் வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கீழேயிருந்து குரல். பக்கத்தில் ஒருவர், "போன் மாட்டிக்கிச்சு போல" என்றார். போன் மாட்டவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகளுக்கு வாய் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று வாயைத் திறந்தேன். இவ்வளவு நாள் காத்த விரதம் போனால் போகட்டும், கத்திவிடலாம், எப்படியாவது உனக்குக் கேட்கும் என்று ஒரு கிறுக்கு. உன் அம்மா எட்டி என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையோடு இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தரையில் தவழ்கிற மனிதர் வந்தார். உன் அம்மா கையை எடுக்க மறந்துவிட்டாள். அப்படியே இருந்தபோதுதான் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை வராந்தா மொத்தமும், "இருக்காரு, இருக்காரு!" என்று கத்தியது.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முடிச்சில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள், அதன் பிறகும் பார்ப்பார்கள். பழைய குரல் வராது. மைக் வேலை வேண்டாம் என்கிறார். பதிவு செய்த பெண்மணி நிரந்தரமாகிவிட்டார். எனக்கு அலுவலகத்தில் வேறு மேசை கொடுப்பார்கள்.

"இப்ப பேசிப் பாருங்க" என்றார். குளியலறையில் திறந்து மூடிய வாய். உன் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் உதட்டையே பார்க்கிறாள். என்னென்னவோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். "டீ குடிக்கலாமா?" என்றேன். நாற்காலியைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். வந்துவிட்டது. உன் அம்மா, "இதுக்கா இத்தனை நாள்?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கிளம்பும்போது டாக்டர் எழுந்து கதவு வரை வந்தார். "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். ஒரே ஒரு தடவை.

இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர் என்று கேட்க, புதிதாக வந்த அந்தக் குரல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. உன் பட்டனை நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அப்பா